மோட்டார் சைக்கிள் வரையக் கற்றுக்கொள்ளுங்கள்!

வளையல் ஒன்று, பென்சில் ஒன்று போதும்

தாம்பரம் ரெயில் நிலையம். காலை நேரம்.

மின்சார ரெயிலைப் பிடிக்க ஜனங்கள் ஓடுகிறார்கள். நிலையத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை என்று எத்தனை நிறம்! எத்தனை வடிவம்! எண் பலகைகளில் பெரும்பாலும் "டி.என்.11" என்று இருக்கிறது. அது தாம்பரம் வண்டி என்பதற்கு அடையாளம்.

பெரியவர்களுக்கு அது வெறும் வண்டி. வேலைக்குப் போக வேண்டும். வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

சிறுவர்களுக்கோ அது சித்திரம்!

தாம்பரத்தில் மட்டும் அல்ல. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், எந்த ஊர்ப் பள்ளிப் பையனின் நோட்டுப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். முன்பக்கங்களில் கணக்கும் பூகோளமும் இருக்கும். கடைசிப் பக்கத்தில்தான் பையனின் மனம் இருக்கும்.

ஆனால் அந்த வண்டி பெரும்பாலும் கோணலாக இருக்கும். ஒரு சக்கரம் பெரிது; ஒரு சக்கரம் சிறிது. எஞ்சின் அந்தரத்தில் தொங்கும். பையனே அதைப் பார்த்து, "எனக்குப் படம் வராது" என்று பக்கத்தைக் கிழித்து விடுவான்.

படம் வராதவர் யாரும் இல்லை. பார்க்கப் பழகாதவர்கள்தான் உண்டு!

பெரியவர்களே தவறினார்கள்

இதை நம்ப முடியாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு காகிதம் கொடுங்கள். ஒரு சாதாரண சைக்கிளை, பார்க்காமல், நினைவில் இருந்தே வரையச் சொல்லுங்கள்.

சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது!

இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெபக்கா லாசன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இப்படி ஒரு சோதனை நடத்தினார். முடிவை 2006-ம் ஆண்டில் வெளியிட்டார். தினமும் சைக்கிளைப் பார்க்கிற பெரியவர்களே பலர் தவறு செய்தார்கள். சிலர் செயினை முன் சக்கரத்தோடும் பின் சக்கரத்தோடும் சேர்த்து மாட்டி விட்டார்கள். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் அதன் கைப்பிடியைத் திருப்பவே முடியாது!

இத்தாலியில் ஜியான்லூகா ஜிமினி என்ற வடிவமைப்பாளரும் இதே வேடிக்கையைச் செய்தார். கண்டவர்களிடம் எல்லாம் காகிதத்தை நீட்டி, சைக்கிள் வரையச் சொன்னார். அவர்கள் வரைந்த கோணல் சைக்கிள்களை, நிஜ வண்டியைப் போல கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டினார். பார்க்க அழகாக இருந்தன. ஆனால் அவற்றில் பல, ஏறி உட்கார்ந்தால் ஒடிந்து விழக்கூடியவை.

இதில் இருந்து என்ன தெரிகிறது? தினமும் கண்ணில் படுவது வேறு. உற்றுப் பார்ப்பது வேறு. கை தவறுவதற்கு முன்பே கண் தவறி விடுகிறது.

ஆகவே மோட்டார் சைக்கிள் வரைய விரும்புகிறவர்கள் முதலில் பென்சிலை எடுக்கக் கூடாது. வண்டியின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கால் மணி நேரம் சும்மா பார்க்க வேண்டும். எது எதோடு சேர்ந்திருக்கிறது? எது எதைத் தாங்குகிறது? எது அசையும்? எது அசையாது? இந்த 4 கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் பாதிப் படம் முடிந்த மாதிரிதான்.

எந்த வண்டியை வரைவது?

முதல் படத்துக்கு ஏற்ற வண்டி புல்லட். காரணம் உண்டு. இன்றைய பல வண்டிகளில் எஞ்சினையும் சட்டத்தையும் பிளாஸ்டிக் தகடுகள் மூடி விடுகின்றன. புல்லட்டில் எல்லாம் வெளியே தெரியும். எலும்பும் தசையும் தெரிகிற பயில்வானைப் போன்றது அது!

அது சென்னைக்குச் சொந்தமான வண்டியும் கூட.

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் 1932-ம் ஆண்டில் பிறந்தது. ராயல் என்பீல்டு கம்பெனி அதைத் தயாரித்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்காக புல்லட் வண்டிகள் வாங்கப்பட்டன. 1955-ம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்து கம்பெனியும் சேர்ந்து "என்பீல்டு இந்தியா" என்ற கம்பெனியைத் தொடங்கின. வடசென்னையில் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்தில் இருந்து உதிரிப் பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

பின்னர் ஒரு விசித்திரம் நடந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ம் ஆண்டில் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்த வண்டித் தொழிலே நின்று போயிற்று. தாய்வீட்டில் விளக்கு அணைந்தது. புகுந்த வீட்டில் விளக்கு எரிந்தது!

2013-ம் ஆண்டில் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. தாம்பரத்தில் இருந்து முடிச்சூர், படப்பை வழியாகப் போனால் ஒரகடம். அதாவது, தாம்பரத்துப் பையன் ஆசையோடு வரைகிற வண்டி, அவன் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையிலேயே பிறக்கிறது.

இனி பென்சிலை எடுக்கலாம்

வேண்டியவை: ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர், அம்மாவின் வளையல் ஒன்று. காம்பஸ் தேவை இல்லை.

நோட்டைக் குறுக்காகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரை. பக்கத்தின் கீழே நேராக ஒரு கோடு போடுங்கள். தரை இல்லாத வண்டி பறக்கும்!

அடுத்து சக்கரம். வளையலைத் தரைக் கோட்டின் மேல் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். இது பின் சக்கரம். முன் சக்கரம் எவ்வளவு தூரத்தில் வரவேண்டும்? இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்.

பழைய புல்லட்டில், ஒரு சக்கரத்தின் நடுவில் இருந்து மற்றச் சக்கரத்தின் நடுவுக்குச் சுமார் 54 அங்குலம். டயரோடு சேர்த்து ஒரு சக்கரத்தின் குறுக்களவு சுமார் 26 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே காலியாக இருக்கும் இடம் சுமார் 28 அங்குலம். அதாவது, இன்னொரு சக்கரத்தை உள்ளே நிறுத்தினால் சரியாக அடங்கி, கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

ஆகவே வளையலை நகர்த்தி, முதல் வட்டத்தின் பக்கத்தில் வையுங்கள். அங்கே வட்டம் போடாதீர்கள். இடத்தை மட்டும் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் ஒரு நகத்தின் அகலம் விட்டு, முன் சக்கரத்தைப் போடுங்கள். இதுதான் ரகசியம்! "வட்டம் இரண்டு, நடுவே ஒரு வட்டத்துக்கு இடம்." இதை மறக்காதவன் படம் கோணாது.

மூன்றாவது, உயரம். உட்காரும் இடம், சக்கரத்தின் உச்சியை விடச் சற்று மேலே இருக்க வேண்டும். கைப்பிடி, ஒன்றரைச் சக்கர உயரத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் லேசாகப் புள்ளி வையுங்கள்.

பதினொரு மணி முள்

நான்காவது, முன் கவை. முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரட்டைக் குழாய் இது. மெக்கானிக்குகள் "ஃபோர்க்" என்பார்கள். பிள்ளைகள் இதைச் செங்குத்தாகப் போடுவார்கள். அது தவறு.

வண்டி வலது பக்கம் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் பதினொரு மணி அடிக்கும்போது சின்ன முள் எப்படிச் சாய்ந்து நிற்கும்? ஏறத்தாழ அப்படித்தான் கவையும் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இந்தச் சாய்வு அழகுக்காக வைத்தது அல்ல. சாய்வு இருப்பதால்தான் ஓடும் வண்டி தானாக நேர்கோட்டில் போக முயல்கிறது. கவை செங்குத்தாக இருந்தால் கைப்பிடி நிலைகொள்ளாமல் ஆடும்.

ஐந்தாவது, பெட்ரோல் டாங்கி. இது கண்ணீர்த்துளியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். பருத்த பக்கம் முன்னே. ஒடுங்கிய பக்கம் இருக்கையை நோக்கி.

ஆறாவது, எஞ்சின். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே காலியாக விட்ட இடம் இதற்காகத்தான். எஞ்சினின் அடிப்பாகம் சக்கர மையத்தை விடத் தாழ்ந்து நிற்கும். கனமான பொருள் கீழே இருந்தால் வண்டியைக் கையாள்வது எளிது. எஞ்சினின் மேல்பாகம், புல்லட்டில், தூண் போல நேராக நிமிர்ந்து டாங்கியைத் தொடுகிற மாதிரி நிற்கும்.

அந்தத் தூணில் தட்டுத் தட்டாக வரிகள் இருக்கும். வீட்டுப் படிக்கட்டைப் போல் தோன்றும். எஞ்சினின் உள்ளே எரியும் சூட்டை, ஓடும்போது வீசும் காற்றில் கரைப்பதற்காக இந்தத் தகடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இந்தக் கோடுகளைக் கிறுக்கி விடாதீர்கள். ஒன்றுக்கு ஒன்று சம இடைவெளி விட்டுப் போடுங்கள்.

ஏழாவது, சைலன்சர். எஞ்சினின் தலையில் முன்பக்கம் தொடங்கி, வளைந்து கீழே இறங்கி, பின் சக்கரத்தை நோக்கிப் போகும். புல்லட்டில் இது வலது பக்கம் இருக்கிறது. வண்டியை இடது பக்கம் இருந்து வரைந்தால் சைலன்சர் முழுதாகத் தெரியாது. தெரியாததை வரையக் கூடாது!

எட்டாவது, கம்பிகள். சக்கரத்தின் நடுவில் இருந்து சூரியனின் கதிர் மாதிரி நேராகக் கோடு போட்டு விடுகிறார்கள். உற்றுப் பாருங்கள். கம்பிகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எஞ்சினின் இழுப்பையும் பிரேக்கின் பிடிப்பையும் தாங்க அந்தப் பின்னல் வேண்டும்.

கடைசியாக முகம். கவையின் உச்சியில் பெரிய விளக்கு. புல்லட்டில் அதற்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு குட்டி விளக்குகள் இருக்கும். 1954-ம் ஆண்டு முதல் வந்த அடையாளம் இது. "புலிக்கண்" என்று ரசிகர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு புள்ளிகளை வைத்ததும் பாருங்கள். வண்டி உங்களைத் திரும்பிப் பார்க்கும்!

தட்டைத் திருப்பினால் தெரியும்

பக்கவாட்டில் வரையப் பழகிய பிறகு, சாய்வாக நிற்கிற வண்டியை வரையலாம். அங்கே சக்கரம் வட்டமாகத் தெரியாது.

சோறு சாப்பிடும் தட்டை முகத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டம். மெல்லத் திருப்புங்கள். முட்டை போல் ஒடுங்கும். இன்னும் திருப்புங்கள். வெறும் கோடாகி விடும். சக்கரமும் அப்படித்தான். உயரம் மாறாது, அகலம் மட்டும் குறையும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் வேண்டாம். சமையலறைத் தட்டே ஆசிரியர்!

எந்திரம் வரையாத கோடு

படம் வரைந்து என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில், புல்லட் டாங்கியின் மேலேயே இருக்கிறது.

கறுப்பு டாங்கியின் ஓரத்தில் மெல்லிய தங்க நிறக் கோடு ஓடும். நூல் பிடித்த மாதிரி வளைந்து போகும். இதை எந்திரம் போட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை! மனிதக் கை போட்டது.

சென்னையைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் இந்தக் கலையில் பெயர் பெற்றவர்கள். நீண்ட மயிர் கொண்ட மெல்லிய தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, அளவுகோல் இல்லாமல், டாங்கியின் வளைவோடு கையை ஓட்டிக் கோடு இழுப்பார்கள். அவர்கள் வேலைக்கு "மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்" என்று பெயர் ஏற்பட்டது. சென்னையின் பெயரே கோட்டுக்குப் பெயர் ஆயிற்று! 2023-ம் ஆண்டில் வெளிவந்த புதிய புல்லட்டிலும் கையால் போட்ட கோடு என்பதைக் கம்பெனி பெருமையாக விளம்பரம் செய்தது.

மனிதர்கள் போல வேலை செய்யும் எந்திரங்கள் வந்து விட்ட காலம் இது. ஆனாலும் நடுங்காத ஒரு கைக்கு மதிப்புக் குறையவில்லை.

எல்லாத் தூரிகைக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைத்ததா? இல்லை. ஒரு காலத்தில் புது வண்டி வாங்கியதும், எண் பலகை எழுதுகிறவரைத் தேடித்தான் போவார்கள். சாலை ஓரத்தில் உட்கார்ந்து, கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தைத் தீட்டித் தருவார். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ, பிள்ளையின் பெயர், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் எழுதுவார். பிறகு ஸ்டிக்கர் வந்தது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் புதிய வண்டிகளுக்கு, உயர் பாதுகாப்பு எண் பலகை வண்டியோடு சேர்ந்தே வருகிறது. அங்கே தூரிகைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதே தூரிகை, அதே வண்ணம். ஒரு கை வேலையை இழந்தது. ஒரு கை உலகப் புகழ் பெற்றது. ஆகவே கைத்திறன் மட்டும் இருந்தால் போதாது. காலத்துக்கு ஏற்ற படிப்பும் சேர வேண்டும்.

படிக்க வழி உண்டு

வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பல வழிகள் இருக்கின்றன.

அரசுத் தேர்வுத்துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியமும் ஒரு பாடம். "லோயர்", "ஹையர்" என்று இரண்டு படிகள். பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்களாக இருக்கும் பலர் இந்தப் படிகளில் ஏறி வந்தவர்கள்தான்.

எந்திரப் பாகங்களை அளவு தவறாமல் வரைகிறவருக்குப் படவரைவாளர் என்று பெயர். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கு 2 ஆண்டுப் பயிற்சி உண்டு. 10-ம் வகுப்பு தேறியவர்கள் சேரலாம். இன்று காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். ஆனால் எது எதோடு சேர்கிறது என்று பார்க்கும் கண் அதே கண்தான்.

ஓவியத்தையே முழுதாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி, எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கிப் போகலாம். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850-ம் ஆண்டில் தொடங்கிய பள்ளி அது. கைவினைத் தொழிலாளிகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் அவருடைய நோக்கமாக இருந்தது. கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி, 1929-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே தலைவராக இருந்தவர். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. பிளஸ் 2 தேறியவர்கள் சேரலாம். 4 ஆண்டுப் படிப்பு.

புதிய மோட்டார் சைக்கிளை உருவாக்கும் வடிவமைப்பாளர்களும் முதலில் செய்வது என்ன? காகிதத்தில் கிறுக்குவதுதான்! பிறகு முழு அளவில் களிமண்ணில் செய்து பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் இரும்பு. சாலையில் ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் காகிதத்தில் நின்ற வண்டிதான்.

லைசென்ஸ் வேண்டாத வண்டி

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

பையனுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வருவது இயற்கை. ஆசையைத் தடுத்தால், அப்பா தூங்கும்போது சாவி காணாமல் போகும்! கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25 ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பணம் போனால் சம்பாதிக்கலாம். ஜி.எஸ்.டி. சாலையில் பிள்ளை விழுந்தால்?

ஆனால் வரைவதற்கு வயது இல்லை. லைசென்சும் தேவை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்துங்கள். பையனையும் பெண்ணையும் எதிரே உட்கார வையுங்கள். ஆம், பெண்ணையும்தான்! வாசலில் 21 புள்ளிக் கோலத்தைக் கோணாமல் இழுக்கிற கைக்கு ஒரு புல்லட் எம்மாத்திரம்?

முதல் படம் கோணலாக வரும். பத்தாவது படம் நிற்கும். நூறாவது படம் ஓடும்!

அடுத்த முறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டால் திட்டாதீர்கள். "சைலன்சர் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பையன் வெளியே ஓடிப்போய் வண்டியை உற்றுப் பார்த்துவிட்டு வருவான்.

அந்தப் பார்வைதான் படிப்பின் தொடக்கம்.